பதினோரு நாள் வயலின்

அத்தியாயம் 14

போன் அடித்தபோது சிராய் அடுப்பில் மரம் ஒட்டும் வச்சிரப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் பசை அடிப்பிடித்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு எடுக்காமல் இருந்தாள். இரண்டாவது முறை அடித்தது. மூன்றாவது முறை குளியலறைக்குள்ளிருந்து அவள் கணவன் கத்தினான்.

"அது உன் அக்காதான். நீ எடுக்கற வரைக்கும் விட மாட்டாங்க."

பதினோரு நாட்களாக அக்காவின் பெயர் திரையில் வந்தால் அவள் முதல் தடவையில் எடுப்பதில்லை.

அதற்கு முன் அப்படியில்லை. அக்கா ஊரின் பெரிய வாத்தியக் குழுவில் முதல் நாற்காலியில் உட்காரும் வயலின்காரி. தங்கை வயலின் செய்கிறவள், பழுது பார்க்கிறவள். சின்ன வயதில் எந்நேரமும் விரலில் ஒரு மரச்சிராயோடு அலைந்ததால் வீட்டில் வைத்த சிராய் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா வாசிக்கும் வயலின் அக்காவுக்குச் சொந்தமில்லை. இருநூற்று எண்பது வருஷத்துப் பழசு. ஓர் அறக்கட்டளை அவள் வாசிப்பதற்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பது. விளிம்பில் ஒட்டு விட்டுப்போனதால் பட்டறைக்கு வந்தது.

பட்டறையில் அதற்கு ஓர் இரட்டைப் பிறவி இருந்தது. அறக்கட்டளையின் அனுமதியோடு சிராய் இரண்டு வருஷம் அளந்து அளந்து செய்த நகல். முடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. கீறலுக்குக் கீறல், தேய்மானத்துக்குத் தேய்மானம் அப்படியே.

ஒட்டு காய்ந்த அன்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டில் எது நன்றாகப் பேசுகிறது என்று தனக்காக மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். தாடை வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் காதுக்குக் கோள் சொல்லிவிடக்கூடாது என்று, வயலினில் மோவாய் பதிய அக்காவுக்கென்றே செதுக்கிய கட்டையை வைத்துப் பழசை வாசித்தாள். பிறகு அதே கட்டையைக் கழற்றிப் புதுசில் பூட்டினாள். பூட்டிய கையோடு, வார்னிஷ் துடைக்கும் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்து கடைக்குப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அக்கா வந்து, மேஜைமேல் தன் மோவாய்க் கட்டையோடு கிடந்ததைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். பழசு அலமாரித் தட்டில் துணிக்குள் கிடந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தும்விட்டாள். அதற்குள் அக்காவே கூப்பிட்டாள், அழுதுகொண்டே.

"என்னடி செஞ்ச அதை? மூணு மாசமா செத்துக் கிடந்தது. இன்னைக்கு வில்லை வச்சதும் பேசுதுடி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பேசுது."

அந்த மூன்று மாதமாக அக்காவின் இடது கை மோதிர விரல் அவ்வப்போது மரத்துப்போகிறது. அது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். விரலுக்குப் பின்னால் காதும் போய்விடுமோ என்று அக்கா ஒரு தடவை கேட்டிருக்கிறாள், சிரித்துக்கொண்டே, சிரிக்காத கண்ணோடு. அப்படிப்பட்டவள் சந்தோஷத்தில் அழும்போது எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று சிராய் நினைத்தாள். தினமும் அதையேதான் நினைத்தாள்.

போனை எடுத்தாள்.

"உயிரோடதான் இருக்கியா?"

"பசை அடுப்புல இருக்குக்கா."

"உனக்கு எப்பவும் ஏதாவது அடுப்புல இருக்கும், சோறு தவிர. சொல்றதைக் கேளு. பேராசிரியர் பேசினாரு. வாத்தியங்களைத் தயார் பண்ண வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். நீதான் உன் வயலினைத் தூக்கிட்டு எப்படியும் வரப்போறியே, நீயே பண்ணிடு. சரின்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"உன்னை என்னைக்குடி கேட்டிருக்கேன்?"

சிராயின் கை கரண்டியிலேயே நின்றுவிட்டது.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒரு வயலின் பரிசோதனை. கல்லூரியில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். பழைய வயலின் மூன்று, புதிய வயலின் மூன்று. வாசிப்பவர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பழைய வயலின் நிஜமாகவே நன்றாக ஒலிக்கிறதா, பழசு என்று தெரிவதால் நன்றாக ஒலிப்பதுபோல் இருக்கிறதா? பழைய மூன்றில் ஒன்று அக்காவுடையது. புதிய மூன்றில் ஒன்று சிராய் செய்த நகல். அவை ஒன்றின் பெட்டியில் மற்றது படுத்துக்கொண்டு வரப்போகின்றன என்பது சிராய்க்கும் அவள் கணவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அந்த அறக்கட்டளை அம்மாவும் வர்றாங்க. அடுத்த மாசம் கையெழுத்தைப் புதுப்பிக்கணும்ல? என்னைப் பார்த்துட்டுப் போகட்டும். கண்ணைக் கட்டினா என்ன, என்னோடதை எனக்குத் தெரியாதா? மூணு இழுப்பு போதும்டி எனக்கு."

சிராய் கரண்டியை மறுபடி சுழற்றப் பார்த்தாள்; பசை இறுகியிருந்தது.

"ஏன்டி பேச மாட்டேங்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. பசை."

அடிப்பிடித்த வாசனை உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது.

கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு இரும்புக்கடை. ஆணி, தாழ்ப்பாள், வெல்டிங் சாமான். பரிசோதனைக்குக் கண் மறைக்க வெல்டிங் கண்ணாடிகள் அவன் கடையிலிருந்துதான் போகின்றன. கண்ணாடிமேல் கறுப்பு நாடா ஒட்டி நான்கு வைத்திருந்தான்.

"சொல்லிடேன். பிடுங்கிப் போட்டுட்டா வலி போயிடும்."

"பல்லா இது?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எதை வாசிச்சாலும் கதவு கிரீச்சுங்கிற மாதிரிதான் கேக்குது. இதுக்குப் போய் பதினோரு நாளா நீ சரியாச் சாப்பிடலை."

"ஏங்க, ப்ளீஸ்."

"சரி, வாயை மூடிக்கிறேன்." ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வதுபோல் பாவனை காட்டினான். அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

பஸ்ஸில் அவள் வயலின் பெட்டியை மடியில் கிடத்திக்கொண்டாள். இருநூற்று எண்பது வருஷம் அவள் மடியில் குலுங்கியது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் உடம்பு முன்னால் வளைந்து பெட்டியை மூடிக்கொண்டது. அறக்கட்டளைக்காரர்கள் கொண்டுபோனால் இது காரில், இரண்டு பூட்டுப் போட்டுப் போகும்.

பயம் எதற்கு என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அறக்கட்டளைக்குத் தெரிந்தால் பட்டறைக்கு ஒருவரும் வாத்தியம் கொண்டுவர மாட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. யோசனை அந்த வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடும்.

பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா போனில் அந்த வயலினைப் புகழ்வாள். உளியைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சிராய் கேட்பாள். நான்காவது நாள் அவளே கேட்டாள்: "மேல போகும்போது எப்படி இருக்கு?" எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மேல் சுரங்களுக்காகத்தான் மேல்பலகையைக் கடைசியாக இழைத்திருந்தாள். அக்கா வாயால் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

அக்காவுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று அவள் பதினோரு நாளாகத் தன்னிடம் சொல்லி வந்ததில் பாதி உண்மைதான்.

பரிசோதனை நடக்கும் கூடம் கல்லூரியின் பின்பக்கம். மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கியது. பக்கத்தில் சின்ன அறை. நீளமான மேஜையில் ஐந்து பெட்டிகள் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. அக்காவின் பெட்டி இரண்டாவது. அதன் பிடியில் அவள் எப்போதோ சுற்றிய பச்சை நாடா.

பேராசிரியர் ஒல்லியாக, அவசரமாக, சட்டைப் பையில் நான்கு பேனாவோடு இருந்தார்.

"நீங்கதானே? நல்லது. எல்லாத்துலயும் மோவாய்க் கட்டையைக் கழற்றிடுங்க. ஒரே மாதிரி ஆறு வாங்கி வச்சிருக்கேன், அதைப் பூட்டுங்க. ஆளுங்க தாடையை வச்சே கண்டுபிடிச்சுடறாங்க. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் நம்பர் கட்டுங்க. எந்த நம்பர் எதுன்னு இந்தத் தாள்ல எழுதி உறையில போட்டு ஒட்டிடுங்க. எனக்குக்கூடத் தெரியக்கூடாது. வாத்தியத்தைக் கையில குடுக்கப்போறது நான்தான்."

"நானும் ஒரு வயலின் வச்சிருக்கேன் சார். அதுல தப்பில்லையா?"

"நீங்க யாருக்கும் காட்டாம உட்கார்ந்திருந்தா தப்பில்ல. இருபது நிமிஷம்."

கதவு சாத்தியது. தாழ்ப்பாள் இல்லை.

சிராய் தன் பெட்டியை மேஜையில் வைத்தாள். அக்காவின் பெட்டியைத் திறந்தாள். அவள் செய்த வயலின் நீலத் துணியில் படுத்திருந்தது. நரம்புகளுக்குக் கீழே, வில்லில் தேய்க்கும் ரோசனத்தின் வெள்ளைத் தூள். பதினோரு நாள் நன்றாக வாசிக்கப்பட்ட தூள். நரம்புகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் அக்காவின் விரல் ரேகை ஒன்று.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

எல்லாக் கட்டையும் கழன்றுவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டை. தாளில் அவள் உண்மையை எழுதினால் போதும். முடிந்த பிறகு பழையபடி கட்டைகளைப் பூட்டப்போவதும் அவள்தான். அக்காவின் கட்டையைப் பழசில் பூட்டி, பழசைப் பச்சை நாடா பெட்டியில் வைத்தால், உலகம் பதினோரு நாளுக்கு முன்னால் இருந்த இடத்துக்கே போய்விடும். அக்கா எதை வாசித்தாள் என்பது ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

கட்டையைக் கழற்றும் சின்னக் கம்பியைத் துளையில் நுழைத்தபோது அது வழுக்கி வார்னிஷில் உரசியது. நிறுத்தினாள். மறுபடி நுழைத்தாள்.

பழசை எடுத்துப் புதுசின் பக்கத்தில் கிடத்தியிருந்தாள். கதவு திறந்தது.

அறக்கட்டளை அம்மா. வெள்ளைத் தலை, கையில் சின்ன டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் ஒரு கண்ணாடி.

"எங்களோடது எது?"

சிராய் பழசைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த அம்மா டார்ச்சை அடித்து, மேல்பலகையின் சுருள் துளைக்குள் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே நிற்கும் குச்சி, பழைய ஒட்டுகள், மரத்தின் கறுத்த நிறம். நீண்ட நேரம் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது சிராய்க்குக் கேட்டது.

"ஒட்டு நல்லா வந்திருக்கு."

"தேங்க்ஸ்மா."

"இது ஏன் உங்க பெட்டிப் பக்கம் இருக்கு?"

"கட்டை மாத்தறப்போ... இடம் மாறிடுச்சு."

பொய் வேண்டாம் என்று நினைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஜாக்கிரதை. ரெண்டும் ஒரே அச்சு. எனக்கே உள்ள பார்த்தாத்தான் தெரியுது." டார்ச்சை அணைத்தாள். "உங்க அக்கா சொல்றாங்க, இது முன்னைவிட நல்லாப் பேசுதுன்னு. விளிம்பு ஒட்டினதுக்கு அவ்வளவு வித்தியாசம் வருமா?"

"வரலாம்மா."

அந்த அம்மா போனதும் சிராய் முக்காலியில் உட்கார்ந்து ஆறுக்கும் ஒரே மாதிரிக் கட்டைகளைப் பூட்டி எண் கட்டினாள். பிறகு எழுதினாள். மூன்று: பழசு, இருநூற்று எண்பது வருஷம், அறக்கட்டளை. ஐந்து: புதுசு, பதினான்கு மாதம், செய்தது நான். உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். நாக்கில் ஈரமே இல்லை. இரண்டு தடவை ஒட்ட வேண்டியிருந்தது.

நான்கு பேர் வாசித்தார்கள். ஒவ்வொருவரும் ஆறையும் வாசித்து, எதை வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை என்று சொல்ல வேண்டும். சிராய் கடைசி வரிசையின் ஓரத்தில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் மூன்று பேரும் மூன்று வேறு எண்ணைச் சொன்னார்கள். ஒருவர் ஆறாம் எண்ணைப் பழசு என்று சத்தியம் செய்தார். பேராசிரியர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டார்.

அக்கா கடைசி.

வெல்டிங் கண்ணாடி அவளுக்குப் பெரிதாக இருந்தது. "மாப்பிள்ளை, இதை மாட்டிக்கிட்டா வயலினையே பத்தவச்சுடுவேன் போலிருக்கே" என்றாள். கூடம் சிரித்தது.

ஒன்று, இரண்டு. மூன்றை வாங்கி மோவாய்க்கடியில் வைத்தாள். மெதுவான ஒரு வரி. நடுவிலேயே நிறுத்தினாள்.

"இது யாரோட புதுசு? நல்ல வேலைதான். ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குதே. இன்னும் கொஞ்ச வருஷம் ஆகணும்."

சிராய் கணவனின் முழங்கையைப் பிடித்தாள். முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. வெட்கம் கெட்ட ஒரு குளிர்ச்சி நெஞ்சில் இறங்கியது. அது அடங்குவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது. அக்கா ஐந்தை வாங்கப்போகிறாள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என்றுதான் சிராய் எதிர்பார்த்திருந்தாள். சொல்லட்டும் என்றுகூட ஆசைப்பட்டிருந்தாள். அக்கா வேறென்ன சொல்வாள் என்று அந்த அறையில், அந்த இருபது நிமிடத்தில், அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அக்கா ஐந்தை ஒரு நிமிடம் வாசிக்க வேண்டியவள். நான்கு நிமிடம் வாசித்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேலே ஏறும் இடத்தில் வில்லை மெலிதாக்கினாள். அந்த மெலிதும் கடைசி வரிசைவரை நடந்து வந்தது.

வில்லை இறக்கினாள்.

"ஆறாவது வேண்டாம். இது என்னோடது. எழுதிக்கோங்க."

"ஆசைப்படறது எதுன்னுதான் கேட்டேன்..."

"ஆசைப்படறதும் இதுதான், என்னோடதும் இதுதான். எந்தத் தாய்க்கு சார் தன் பிள்ளையைத் தெரியாது?"

பேராசிரியர் உறையைக் கிழித்தார். வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். அவர் குரலில் ஆராய்ச்சிக்காரனின் சந்தோஷம் அடக்க முடியாமல் கசிந்தது.

"ஐந்து, புதுசு. பதினாலு மாசம்தான் ஆகுது. செஞ்சது... உங்க தங்கச்சி. உங்களோடது மூணு. வாயைத் திறக்கலைன்னு சொன்னீங்களே, அது."

கைதட்டல் கிளம்பியது. கேலி இல்லாத, நல்ல மனதான சிரிப்பு. "அப்போ பழசு பழசுன்னு நாமதான் ஏமாந்துட்டோமா?" என்று யாரோ கேட்டார்கள். "தங்கச்சிக்கு ஒரு மாலை போடுங்கப்பா!"

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி இரண்டு சிவப்பு வளையங்கள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிராய்க்கு மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது, தொலைந்துபோன எதையோ தேடுவதுபோல. காதும் போய்விட்டதா, காதும் போய்விட்டதா என்று.

அறக்கட்டளை அம்மா மடியிலிருந்த நோட்டில் ஒரு வரி எழுதினாள். "பரவாயில்லம்மா. அடுத்த மாசம் கமிட்டியில பேசிக்கலாம்" என்றாள் மென்மையாக. அந்த மென்மைதான் பயமாக இருந்தது.

சிராய் எழுந்து நின்றாள்.

"என்ன பண்ற?" என்றான் கணவன்.

"பிடுங்கிப் போடறேன்."

மேடைவரை நடந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா சொன்னது சரி."

"என்ன சரி?" என்றார் பேராசிரியர்.

"அஞ்சாம் நம்பர் அக்கா வாசிக்கறதுதான். பதினோரு நாளா அக்கா கையில இருந்தது அதுதான். பழசு என் பட்டறை அலமாரியில இருந்தது. நான் கட்டையை மாத்திப் பூட்டி வச்சிருந்தேன், அக்கா தெரியாம எடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லலை." அறக்கட்டளை அம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா காதுல ஒரு குறையும் இல்ல. வாசிச்சதைத்தான் கண்டுபிடிச்சிருக்கா. தப்பு முழுக்க என்னோடது."

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

பேராசிரியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்போ என் பரிசோதனை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அறக்கட்டளை அம்மா எழுந்து வந்து மூன்றாம் எண்ணைத் தானே கையில் எடுத்தாள். "அந்த அறையில நான் உங்களைக் கேட்டேன். இடம் மாறிடுச்சுன்னு சொன்னீங்க." சத்தம் போடவில்லை. "பதினோரு நாள் இது பூட்டாத அலமாரியில இருந்திருக்கு. பத்திரமா வச்சுக்கறேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க இல்ல. உங்க அக்கா. கமிட்டி அவங்களைத்தான் கேக்கும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

சிராய் அதை எதிர்பார்க்கவில்லை. தண்டனை தனக்கு என்று நினைத்து எழுந்தவள், அது தன்னைத் தாண்டிப் போய் அக்காமேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்கள் மெல்லக் கலைந்தார்கள். கணவன் நான்கு கண்ணாடிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். சின்ன அறையில் அக்காவும் தங்கையும் மட்டும்.

அக்கா தன் பெட்டியைத் திறந்து வைத்தாள். கோபமே இல்லாத குரலில் பேசினாள். சின்ன வயதிலிருந்து அக்காவின் கோபம் சிராய்க்குப் பழக்கம். கத்துவாள், சாமானை வீசுவாள், அரை மணியில் சரியாகிவிடுவாள். இந்தக் குரல் அவள் கேட்டதே இல்லை.

"முதல் நாள் நான் அழுதேன்."

"ஆமாக்கா."

"அப்பயே சொல்லியிருக்கலாம்."

"உன் சந்தோஷத்தைக் கெடுக்க..."

"பொய். நாலாவது நாள் நீதான் கேட்ட. மேல போகும்போது எப்படி இருக்குன்னு. நான் பத்து நிமிஷம் சொன்னேன். நீ மூச்சுக்கூட விடாம கேட்டுக்கிட்டு இருந்த."

சிராய் தலையை ஆட்டினாள்.

"என் பயம் உனக்கு மட்டும்தான் தெரியும். அதை வச்சுக்கிட்டே உன் சந்தோஷத்தையும் பார்த்துக்கிட்ட. இல்ல?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உடம்பிலிருந்த அத்தனை பலமும் செலவானது. சொன்ன பிறகு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மேஜையில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினாள், வரிசையாகவே இருந்ததை.

அக்கா ஐந்தாம் எண்ணின் சீட்டை அறுத்து எறிந்தாள். தன் மோவாய்க் கட்டையை எடுத்துத் தானே அதில் பூட்டினாள். நிதானமாக, சரியான இடத்தில். பச்சை நாடா சுற்றிய பெட்டியில் அதைப் படுக்கவைத்து, நீலத் துணியால் மூடி, மூடியைச் சாத்தினாள்.

"அக்கா, நான் சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா?"

"வராதே." பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போனும் பண்ணாதே. நானே வர்றேன்."

"எப்போ?"

அக்கா நடக்கத் தொடங்கினாள். கதவைத் தாண்டும்போது, "வர்றேன் மாப்பிள்ளை" என்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

ஜன்னல் வழியாக அவள் கல்லூரி வாசலைக் கடப்பது தெரிந்தது. வெயிலில், நிமிர்ந்த முதுகோடு, அவசரமில்லாமல் நடந்தாள். தெருவின் திருப்பத்தில் ஒரு லாரி மறைத்தது. லாரி போனபோது அவள் இல்லை.

கணவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உன்னோடதைத்தானே எடுத்துட்டுப் போயிருக்காங்க. விட்டுட்டா போனாங்க? அப்புறம் என்ன பயம் உனக்கு?"

சிராய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் குடுக்கறதுக்குத்தான் வருவாளோன்னு பயமா இருக்குங்க."